அந்த 71 எங்கிருந்து வந்தது? ஓர் உளச்சோதனை அறிக்கையின் நிகழ்வு ஆய்வு

"மிஸ், நூற்றுக்கு 71 என்றால் நல்ல புள்ளிதானே? பிறகு ஏன் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள்?"

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்தத் தாய் கேட்ட முதற் கேள்வி இது. அவர் கையில் இருந்த பொலித்தீன் உறைக்குள் மூன்று பக்க அறிக்கை. சாதாரண தரப் பரீட்சையில் 71 எடுத்தால் 'பி' சித்தி. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம். அறிக்கையிலுள்ள 71 அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கொழும்பில் பிள்ளைகளை மதிப்பிடுவது என் தொழில். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் உளவியல் டிப்ளோமா மாணவர்களுக்கு அளவீட்டுப் பாடமும் எடுக்கிறேன். இந்த நிகழ்வு இரண்டு வேலைகளையும் ஒரே மேசையில் கொண்டுவந்து போட்டது. பெற்றோரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். பையனை இங்கே 'தம்பி' என்று குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

வந்த வழி

தம்பிக்கு அப்போது ஒன்பது வயதும் நான்கு மாதமும். ஆறு வயதுவரை ஹட்டன் பக்கம் அப்பாயியிடம் வளர்ந்தவன். முதலாம் தரத்தை அங்கேயே தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்தான். பிறகு பெற்றோர் கொழும்புக்குக் கூட்டிவந்து, ஆங்கில மொழிமூலத் தனியார் பாடசாலையொன்றில் இரண்டாம் தரத்தில் சேர்த்தார்கள். தகப்பனுக்குப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை. தாய் வீட்டில் தையல் வேலை செய்கிறார். மகனின் கட்டணத்துக்காகவே தைக்கிறார் என்றாலும் பிழையில்லை.

நான்காம் தரத்தில் வகுப்பாசிரியை எழுதிய குறிப்பு கூர்மையானது. கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்து எழுதுகிறான். எழுதியதை வாசிக்கச் சொன்னால் வாய் திறப்பதில்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். மூன்று தவணைப் பரீட்சைகளும் இப்படியே போனபின் பாடசாலை வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை அழைத்தது. நூலக அறையில், ஒரே இருப்பில், ஒன்றரை மணி நேரம் சோதனை நடந்தது. முடிவு: முழு நுண்மதி ஈவு (ஐ.கியூ.) 71, 'இலேசான அறிவுத்திறன் குறைபாடு', விசேட அலகு உள்ள பாடசாலைக்கு மாற்றுவது உகந்தது.

தாய்க்கு முதலில் 71ஐ விளக்கினேன். நுண்மதி ஈவு நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கல்ல. ஒத்த வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் இவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதே அது. வரிசையின் நடுவை 100 என்றும், புள்ளிகள் நடுவிலிருந்து பரந்திருக்கும் அளவான நியம விலகலை 15 என்றும் வைத்துக்கொள்வது ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின்படி 71 என்றால், நூறு பேர் நிற்கும் வரிசையில் இவனுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எந்த நூறு பேர், மிஸ்?"

என் பதினோரு மாணவர்களில் ஒருவர்கூட அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு முழு அலகு இருந்தும்.

அறிக்கையில் இருந்ததும் இல்லாததும்

பயன்படுத்தியிருந்தது வெக்ஸ்லர் சிறுவர் நுண்மதி அளவுகோல், 1991இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு. அதன் நியமங்கள், அதாவது ஒப்பிடுவதற்கான வரிசைக் கணக்குகள், அமெரிக்காவில் ஆறு முதல் பதினாறு வயது வரையான 2,200 பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு வயதுக்கும் 200 பேர், ஆண் பெண் சரிபாதி, அந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டுக்கு ஒத்த விகிதத்தில் இனமும் பிரதேசமும் பெற்றோரின் கல்வியும். தாய் கேட்ட நூறு பேர் அவர்கள்தான். சோதனையை உருவாக்கியவர்கள் இதை மறைக்கவில்லை. யாருடைய வரிசை என்பதைக் கையேட்டில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். இரவல் வாங்கியவர் கையேட்டைப் படிக்காவிட்டால் அது அளவுகோலின் குற்றமாகாது. அறிக்கையோடு இணைத்திருந்த பதிவுத்தாள் ஒளிப்பிரதியின் ஒளிப்பிரதி. கையேட்டை எவ்வளவு அக்கறையாக வாசித்திருப்பார்கள் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொண்டேன்.

அட்டவணையில் இரண்டு எண்கள் இருந்தன. சொல்லால் பதில் சொல்லும் பகுதிக்கான மொழிசார் ஈவு 60, படம், கட்டை போன்றவற்றைக் கையாளும் பகுதிக்கான செயல்சார் ஈவு 86. இடைவெளி 26 புள்ளி. இரண்டையும் சேர்த்து 71 என்று ஒரே எண்ணாக்குவது, கொழும்பின் வெயிலையும் நுவரெலியாவின் குளிரையும் கூட்டிச் சராசரி எடுத்து இலங்கையின் காலநிலை இதுதான் என்று அறிவிப்பது போன்றது. எண்கணிதத்தில் பிழையில்லை. அந்த வெப்பநிலையில் வாழும் மனிதர்தான் இல்லை.

அடுத்தது வழு. எந்தச் சோதனையும் இன்னொரு நாள் எடுத்தால் சற்றுக் கூடும், குறையும். எவ்வளவு என்பதை, சோதனை எவ்வளவு மாறாமல் அளக்கிறது என்று காட்டும் நம்பகக் குணகத்திலிருந்து கணிக்கலாம்: நியம விலகலை, ஒன்றிலிருந்து நம்பகத்தைக் கழித்து வருவதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முழு ஈவின் நம்பகம் 0.96 என்று கொண்டால் 15ஐ 0.2ஆல் பெருக்கி 3 வரும். இதுதான் நியம வழு. ஏறத்தாழ அதன் இரு மடங்கை இரு பக்கமும் விட்டால் 65 முதல் 77 வரை ஒரு பட்டை. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லையான 70 அந்தப் பட்டையின் நடுவுக்குக் கிட்டவே விழுகிறது. அறிக்கையில் பட்டை இல்லை. 71 மட்டும், தடித்த எழுத்தில்.

இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக்காட்டியபோது மாணவர்களுக்கு ஒரு நிம்மதி வந்தது. வழுவைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி. அதைக் கலைத்தவர் தம்பியின் தகப்பன். இரண்டாம் சந்திப்புக்கு வந்தவர், 65 முதல் 77 வரை என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கள் கடைத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வாங்க வேண்டும், மிஸ். தட்டுக்கு அடியில் ஏதாவது ஒட்டியிருந்தால் பத்துத் தரம் நிறுத்தாலும் அதே பிழைதான் காட்டும். இந்தத் தராசுக்கு இங்கே முத்திரை போட்டது யார்?"

அவர் பிடித்த இடம் சரி. நியம வழு என்பது முள் ஆடுகிற ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது. தட்டுக்கு அடியில் ஒட்டியிருப்பதை அது காட்டாது. தம்பியின் விடயத்தில் ஒட்டியிருந்தது மொழி.

சோதனை எந்த மொழியில் நடந்தது என்று மூன்று பக்கத்தில் எங்கும் ஒரு சொல் இல்லை. தம்பியிடமே கேட்டேன். "ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள். எனக்கு விளங்காவிட்டால் ஒஃபீஸ் அக்கா தமிழில் சொல்லித்தந்தார்" என்றான். காரியாலய எழுதுவினைஞர் ஒருவரை உதவிக்கு இருத்தியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் நியமப்படுத்திய சோதனை என்பது ஓர் உடன்படிக்கை. அந்த 2,200 பேருக்கும் சொன்ன அதே சொற்கள், அதே ஒழுங்கு, அதே நேரம். ஒரு வினாவை ஆங்கிலத்திலும் அடுத்ததை அந்த இடத்திலேயே தோன்றிய தமிழிலும் கேட்டுவிட்டு, பின்னர் அதே அட்டவணையில் போய்ப் புள்ளி தேட முடியாது.

உண்மையான வினாக்களை இங்கே எழுதமாட்டேன். வெளியே வந்த வினா செத்த வினா. அதே சாயலில் நானே செய்த ஒன்று: 'குளிர்காலத்தில் ஏன் கையுறை அணிகிறோம்?' மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. ஆனால் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குத் தெரிந்தவரை கையுறை போடுபவர் பல் வைத்தியர். 'தொற்று வராமல் இருக்க' என்று அவன் சொன்னால் விடைத்திறவுகோலின்படி சுழியம். பிள்ளை யோசித்திருக்கிறான், நியாயமாகவும் யோசித்திருக்கிறான், புள்ளி மட்டும் இல்லை.

இந்தப் பிழைக்கு நூறு வருட வயது இருக்கிறது. பாரிசில் ஆல்பிரெட் பினேயும் தியடோர் சிமோனும் 1905இல் முதல் அளவுகோலை வெளியிட்டது, வகுப்பில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதற்கு. பத்து வருடம் ஆவதற்குள் அதே அளவுகோலை நியூயோர்க்கின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளிடம் மொழிபெயர்ப்பாளர்களை வைத்து நடத்தி, சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினரை மந்தபுத்தியினர் என்று அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடார்ட்டின் குழு எழுதியது. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த ஒன்பது பிள்ளைகள் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டு விசேட வகுப்பில் போடப்பட்டார்கள். 1970இல் அது டயானா வழக்காக நீதிமன்றம் போனது. அவர்களை இருமொழி தெரிந்த ஒருவர் மீண்டும் சோதித்தபோது புள்ளி சராசரியாக 15 அளவில் உயர்ந்தது. தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாட்டோடு வழக்கு முடிந்தது. நூலக அறையில் ஒஃபீஸ் அக்கா உட்கார்ந்திருந்த கதிரை, எல்லிஸ் தீவின் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்த அதே கதிரைதான்.

நேர்மைக்காக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய நியமங்கள் பிள்ளைக்குப் பாதகமானவை என்று மாணவர்கள் சட்டென்று முடிவுகட்டினார்கள். உண்மை மாறானது. தலைமுறைக்குத் தலைமுறை சோதனைப் புள்ளிகள் உயர்ந்துவந்தன, அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி, என்பதை ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் காட்டினார். ஆகவே 1991ஆம் ஆண்டு அட்டவணை இன்றைய பிள்ளையைச் சற்று உயர்த்தியே காட்டும். அந்த வழு தம்பிக்குச் சாதகமானது. நமக்கு வசதியான வழுக்களை மட்டும் பொறுக்கி எடுப்பதும் ஒரு வகை மோசடிதான் என்று வகுப்பில் சொன்னேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் அறிக்கையில் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு என்ற முடிவு இரண்டு காலில் நிற்க வேண்டும். ஒன்று சோதனைப் புள்ளி. மற்றது அன்றாட வாழ்வைச் சமாளிக்கும் திறன். 2013இல் வந்த அமெரிக்க உளநோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு, குறைபாடு எவ்வளவு தீவிரமானது என்பதைப் புள்ளியை விட்டுவிட்டு இந்த இரண்டாம் காலை வைத்தே தீர்மானிக்கச் சொல்கிறது. தம்பி கடைக்குப் போவானா, தானாகக் குளிப்பானா, பணம் எண்ணுவானா என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

படலையும் கொழுந்தும்

சோதனையைக் குறை சொல்வது இலகு, செய்து பார்த்தால் தெரியும் என்று அடுத்த சனிக்கிழமை மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒன்பது வயதுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு பத்துச் சொல் கொண்ட சொல்வளச் சோதனை. சொல்லைச் சொல்லி அர்த்தம் கேட்க வேண்டும். சரியென்றால் ஒன்று, பிழையென்றால் சுழியம். பெற்றோரின் அனுமதியோடு 38 பிள்ளைகளிடம் கேட்டு வந்தார்கள். வெள்ளவத்தை டியூஷன் வகுப்பொன்றில் 19 பேர், கொட்டாஞ்சேனை ஞாயிறு வகுப்பொன்றில் 19 பேர்.

'படலை' என்ற சொல்லுக்கு 38 பேரில் 19 பேர் சரியாகச் சொல்லியிருந்தார்கள். வினாவின் கடினம் 0.50. பாடப்புத்தகம் இதைக் கொண்டாடும்: பாதிப் பேர் சரி, பாதிப் பேர் பிழை என்ற வினாதான் பிள்ளைகளை நன்றாகப் பிரித்துக்காட்டும். அதை எழுதிய மாணவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இடம்வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். வெள்ளவத்தையில் 19க்கு 16. கொட்டாஞ்சேனையில் 19க்கு 3.

வெள்ளவத்தைப் பிள்ளைகள் தொடர்மாடியில் பிறந்து தொடர்மாடியில் வளர்பவர்கள். படலையைக் கண்ணால் கண்டவர்கள் அவர்களில் எத்தனை பேரோ. ஆனால் வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மம்மா இருக்கிறார், அவர் பேச்சில் படலை இருக்கிறது. கொட்டாஞ்சேனை வகுப்பில் பெரும்பாலும் மலையகப் பின்னணியும் கொழும்பிலேயே பல தலைமுறையாக இருப்பவர்களும். அவர்களுக்கு அது கேற். பத்துச் சொல்லையும் எடுத்துப் பார்த்தால் படலை, வடலி, கிடுகு, பனாட்டு என்று நான்கு இந்த வகை. பதினோரு மாணவர்களில் ஏழு பேருக்குப் பூர்வீகம் வடக்கு. ஒருவர் கண்ணிலும் இது படவில்லை, என் கண்ணிலும் படவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இதைவிட ருசியானது அடுத்த கணக்கு. லீ குரோன்பாக் 1951இல் கொடுத்த ஆல்பாவைக் கணித்தோம். வினாக்கள் எவ்வளவு ஒருமுகமாக ஓடுகின்றன என்பதற்கான எண் அது. 0.81 வந்தது. பத்தே சொல்லுக்கு இது மரியாதையான எண். அப்படியென்றால் நல்ல சோதனைதானே என்று ஒருவர் கேட்டார். நான்கு சொற்கள் ஒன்றோடொன்று கைகோத்து நின்றதால்தான் ஆல்பா உயர்ந்தது. ஒன்றைத் தெரிந்தவனுக்கு மற்ற மூன்றும் தெரிந்தன. அவை கைகோத்தது சொல்வளத்தால் அல்ல, அம்மம்மாவின் ஊரால். எங்கள் சோதனை நம்பகமாக அளந்தது. அளந்தது பிள்ளையின் பூர்வீகத்தை.

நம்பகத்துக்கும் (ஒரே மாதிரி அளப்பது) ஏற்புடைமைக்கும் (அளக்க நினைத்ததையே அளப்பது) உள்ள வேறுபாட்டைப் பல வருடமாகக் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கியிருக்கிறேன். அன்றுதான் வகுப்பு அமைதியானது.

'கொழுந்து' வேறு விதமாகக் காலை வாரியது. விடைத்திறவுகோலில் 'இளந்தளிர்' என்று எழுதியிருந்தோம். கொட்டாஞ்சேனைச் சிறுமி ஒருத்தி சொன்ன பதில்: "பெரியம்மா பறித்து நிறுத்துக் கொடுப்பது, கிலோ குறைந்தால் பேச்சு விழும்." ஒரு மாணவர் சுழியம் போட்டார், இன்னொருவர் ஒன்று போட்டார். மதிப்பிடுபவருக்கு மதிப்பிடுபவர் புள்ளி மாறினால் அதுவும் நம்பகத்தில் ஓட்டைதான். அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில், அதுவரை வாயே திறக்காத, பதுளைப் பக்கத்து வங்கி உத்தியோகத்தர் ஒருவர் சொன்னார்: "கொழுந்துக்கு இதைவிடச் சரியான அர்த்தம் எனக்குத் தெரியாது." திறவுகோலைத் திருத்தினோம்.

நான்கு சொல்லையும் எடுத்துவிட்டு, நாடு முழுவதும் படிக்கும் அரச பாடநூல்களிலிருந்து சொல் எடுக்கலாம் என்றார்கள். எடுக்கலாம். அப்போது சோதனை பாடநூலைப் படித்தவனுக்குச் சாயும். ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் தம்பி மறுபடியும் வெளியே நிற்பான். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒட்டியது எது என்று தெரிந்து, அதை அறிக்கையில் எழுதிவைப்பதுதான் செய்யக்கூடியது. ஏற்புடைமை சோதனையின் மேல் குத்திய முத்திரை அல்ல. இந்தப் புள்ளியை இந்தப் பிள்ளைக்கு இந்தத் தேவைக்கு இப்படி வாசிக்கலாம் என்பதற்குத் திரட்டிக்காட்டும் ஆதாரம். குரோன்பாக்கும் போல் மீல் என்பவரும் 1955இல் தொடங்கிவைத்த வாதம் இன்று வந்து நிற்கும் இடம் இது. தகப்பனின் கேள்விக்கும் இதுதான் பதில். முத்திரை ஒருமுறை போட்டு முடிகிற விடயமாக இல்லை; ஒவ்வொரு முறையும் நிறுப்பவரே பொறுப்பு.

மூன்று சந்திப்புகள்

தம்பியை நான்கு வாரங்களில் மூன்று முறை பார்த்தேன். அதே வெக்ஸ்லர் சோதனையை மீண்டும் கொடுக்கவில்லை. சில மாதத்துக்குள் திரும்பக் கொடுத்தால் பழக்கமே புள்ளியாக வரும். காது கேட்கும் திறனும் பார்வையும் முதலில் வைத்தியரிடம் சோதிக்கப்பட்டன, இரண்டிலும் குறையில்லை.

இலக்கங்களைத் திருப்பிச் சொல்வதில் தொடங்கினேன். முதல் அறிக்கையில் 'ஞாபகசக்தி மிகக் குறைவு' என்ற வரி இப்படியான துணைச்சோதனையிலிருந்துதான் பிறந்திருந்தது. நானே செய்த இலக்க வரிசைகளைத் தமிழில் சொன்னேன். நான்கு இலக்கம் வரை சரியாக வந்தான். ஐந்தில் தடுமாறினான். பிறகு அவனாகவே கேட்டான்: "மிஸ், ஆங்கில நம்பரில் சொல்லட்டுமா? அது சின்னது."

ஆங்கிலத்தில் ஐந்து வந்தது. அவன் சொன்னது எவ்வளவு நுட்பமானது என்று இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒன்று முதல் ஒன்பது வரை ஆங்கிலத்தில் சொல்ல வாய்க்கு பத்துத் துண்டு போதும். ஏழைத் தவிர எல்லாம் ஒரு துண்டு. தமிழில் ஒன்-று, இ-ரண்-டு, மூன்-று என்று எண்ணினால் இருபது. சரியாக இரட்டிப்பு. (யாப்பில் சொல்லும் அசையல்ல நான் சொல்வது, புலவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) பேச்சில் 'ரெண்டு' என்று குறுக்கினாலும் ஒன்றுதான் குறையும். மனதில் சொல்லிச் சொல்லித்தான் இலக்கங்களைப் பிடித்துவைக்கிறோம்; சொல் நீண்டால் பிடிப்பது குறையும். வேல்ஸ் மொழியில் இலக்கங்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் பிடிப்பதையும், அதனால் வேல்ஸ் மொழியில் நினைவில் நிற்கும் இலக்கங்கள் குறைவதையும் எல்லிஸ், ஹென்னெலி ஆகியோர் 1980இல் காட்டியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒன்பது வயதுப் பையன் அதை ஒரு வரியில் முடித்துவிட்டான். ஒரே ஓர் இலக்க வித்தியாசத்தை வைத்துக் கோட்டை கட்டக்கூடாதுதான். ஆனால் 'மிகக் குறைவு' என்ற வரி அதைவிடப் பலவீனமான அத்திவாரத்தில் நின்றது.

அடுத்து ரேவனின் வண்ண வடிவ அணிகள்: மூன்று தொகுதி, தொகுதிக்கு 12, மொத்தம் 36. படத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சு அதிகம் தேவையில்லை. தமிழில் விளக்கிக் கொடுத்தேன். 27 சரி. என்னிடமிருந்த வெளிநாட்டு நியமங்களில் அது நடுப்பட்டைக்குள் விழுகிறது. பிழைகள் கடைசித் தொகுதியின் பிற்பாதியில் குவிந்திருந்தன, கண்டபடி சிதறவில்லை. யோசித்துச் செய்த பிள்ளையின் தாள் அப்படித்தான் இருக்கும்.

மொழியில்லாச் சோதனை என்றால் பண்பாட்டுச் சாயலும் இல்லை என்று நம்பிவிடுவது நம்மவர்களின் இன்னொரு மூடநம்பிக்கை. தலைமுறை உயர்வு மிகப் பெரிதாகத் தெரிந்ததே இந்த வகைச் சோதனைகளில்தான். நெதர்லாந்தில் 1952க்கும் 1982க்கும் இடையே படைக்கு வந்த இளைஞர்களின் புள்ளி ஏறத்தாழ 20 உயர்ந்தது. பழக்கத்தால் புள்ளி உயர்வதற்கு இங்கே உள்ளூர்ப் பெயர் புலமைப்பரிசில் பரீட்சை. ஐந்தாம் தரப் பிள்ளைகள் மாதிரி வினாத்தாள் என்று இரவிரவாக வடிவப் புதிர் செய்கிறார்கள். என் மாணவி ஒருவரின் டியூஷன் பிள்ளைகளுக்கு ரேவன் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே தாயிடம் கேட்டேன். தம்பியின் பாடசாலையில் அந்தப் பரீட்சை இல்லை. பெரியப்பா மகள் அதற்குப் படிக்கிறாள், ஆனால் தன் புத்தகங்களை இவன் தொட விடுவதில்லையாம். சிரித்துக்கொண்டே குறித்துவைத்தேன். அதுவும் ஆதாரம்தான்.

வாசிப்பு. இங்கேதான் உண்மையான குறை வெளிப்பட்டது. ஒரு தமிழ்ப் பந்தியை நான் வாசித்துக் கேள்வி கேட்டபோது ஆறுக்கு ஆறு சொன்னான். கதையில் வந்த கிழவன் ஏன் பொய் சொன்னான் என்பதற்கு நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பதில். அதே அளவு கடினமான இன்னொரு பந்தியை அவனையே வாசிக்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாகப் போனான். கொம்பும் காலும் வரும் எழுத்துகளில், கொ, கோ, தொ, தோ, நின்றுவிட்டான். இரண்டாம் வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துவிட்டது. ஆறில் ஒன்று. ஆங்கிலத்திலும் அதே கதை, இன்னும் மோசமாக. 'கடல்' என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது போன்ற ஒலி விளையாட்டுகளிலும் திணறினான். இவை நானே செய்த பந்திகள், நியமம் கிடையாது, அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். இரண்டு பந்திக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பார்க்க ஒரு வரிசையும் தேவையில்லை. ஒப்பிட்டது அவனை அவனோடுதான்.

மூன்றாம் சந்திப்பு கொட்டாஞ்சேனை வீட்டில். அன்றாடத் திறனை அளக்க வைன்லாண்ட் என்றோர் அளவுகோல் இருக்கிறது. அதன் கேள்விகளைப் பேச்சுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டேன், புள்ளி போடவில்லை. பாணும் பருப்பும் வாங்கத் தனியாகக் கடைக்குப் போகிறான், மிச்சக் காசை எண்ணிப் பார்க்கிறான். தங்கையை நேர்சரியிலிருந்து கூட்டிவருகிறான். சனிக்கிழமைகளில் தகப்பனோடு கடைக்குப் போய், எந்த லொறியில் எத்தனை மூட்டை வெங்காயம் இறங்கியது என்று மனதிலேயே வைத்திருந்து சொல்கிறான். மூட்டை தூக்கும் நாட்டாமிமாரோடும் ஒழுங்கைப் பையன்களோடும் சிங்களத்தில் பேசுகிறான். மூன்றாவது மொழியை ஒருவரும் கற்பிக்காமல் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குத்தான் மொழிசார் ஈவு 60.

எழுதிக் கொடுத்தது

அறிவுத்திறன் குறைபாடு என்ற முடிவுக்கு ஆதாரம் போதாது. முதற் சோதனை நடந்த விதத்தில் 71ஐயும் அதன் பாகங்களையும் எந்தத் தீர்மானத்துக்கும் பயன்படுத்தக்கூடாது. இரு மொழியிலும் தெரியும் வாசிப்பு இடர்ப்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு மொழியில் எழுத்துக்கூட்டுவது நிலைப்பதற்குள் இன்னொரு மொழிக்குத் தூக்கிப் போட்டது அதைப் பெரிதாக்கியிருக்கலாம். பரிந்துரை எளிமையானது: நாளுக்கு இருபது நிமிடம் தமிழில் ஒலியும் எழுத்தும் சேர்த்த வாசிப்புப் பயிற்சி, அதற்குப் பிறகு ஆங்கிலம், பரீட்சையில் வினாவை வாசித்துக் காட்டி வாய்மொழியாகப் பதில் கேட்பது, ஒரு வருடத்தில் மறுபடி பார்ப்பது.

எட்டு மாதத்தில் தமிழ்ப் பந்தியை விரல் வைத்து வாசிக்கிறான், மெதுவாக. ஆங்கிலம் இன்னும் பாடுதான். கணிதத்தில் வினாவை வாசித்துக் காட்டியபோது வகுப்பின் நடுவுக்கு வந்தான். பாடசாலை அவனை வைத்துக்கொண்டது, மகிழ்ச்சியோடு என்று சொல்லமாட்டேன்.

பெட்டி

பாடசாலையின் படிவத்தில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதில் ஆங்கில எழுத்தில் ஐ.கியூ., பக்கத்தில் வெற்றிடம். நான் அதை வெறுமையாக விட்டு, 'பக்கம் 4 பார்க்க' என்று எழுதிக் கொடுத்தேன். எண் விடுபட்டிருக்கிறது என்று மஞ்சள் ஒட்டுத்தாளோடு திரும்பி வந்தது. தாயிடம் கொடுத்தனுப்பிய விளக்கக் கடிதத்தோடு மறுபடி போனது, மறுபடி வந்தது. "ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிடுங்கள், மிஸ். வாங்கி வைத்துக்கொள்வார்கள்" என்றார் தாய், களைத்துப்போய். மூன்றாம் முறை பெட்டியைக் குறுக்கே வெட்டிவிட்டு, அதன் கீழ் பேனாவால் இன்னொரு பெட்டி கீறினேன். அடிமட்டம் கைவசம் இல்லை, கோடு கோணலாக விழுந்தது. 'சோதனை நடந்த மொழி' என்று தலைப்பிட்டு, தமிழ் என்று நிரப்பினேன். அந்த முறை திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் அதே பாடசாலையிலிருந்து வேறொரு பிள்ளை வந்தாள். தாய் நீட்டிய படிவத்தைப் பார்த்தேன். தம்பியின் படிவத்தில் எழுதியிருந்தவற்றை வெள்ளை மையால் அழித்து, அதையே மூலமாக வைத்து ஒளிப்பிரதி எடுத்திருக்கிறார்கள். ஐ.கியூ. பெட்டி புதிதாக அச்சாகியிருந்தது. அதன் கீழ் என் கோணல் பெட்டி, என் கையெழுத்துத் தலைப்போடு, அப்படியே இருந்தது. உள்ளே யாரோ நீல மையில் 'ஆங்கிலம் (தமிழில் உதவி)' என்று எழுதியிருந்தார்கள்.